துர்த்துக்: எல்லைக் கோட்டின்கீழ் ஒரு மலையூர்

வரலாறு கற்பிப்போர் நாடுகளின் எல்லைகளைப் படத்திற் காட்டுவர். இன்ன ஆண்டில், இன்ன உடன்படிக்கையால் அக்கோடு அமைந்தது என்றும் கூறுவர். ஆயின் அக்கோடு விழுந்த இடத்தில் வீடு கட்டி, வயல் உழுது வாழ்ந்த மக்களுக்கு நேர்ந்தது யாது என்பதை எடுத்துரைப்போர் சிலரே. அதனை அறிய விரும்புவோர்க்கு, லடாக்கின் வடமேற்கு மூலையில், இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டின் அருகே உள்ள துர்த்துக் என்னும் சிற்றூர் ஒரு நல்ல பாடமாகும்.

லே நகரிலிருந்து இவ்வூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கார்துங் கணவாயை ஏறிக் கடந்து, நூப்ராப் பள்ளத்தாக்கில் இறங்கி, சியோக் ஆற்றின் கரைவழியே மேற்கு நோக்கிச் செல்லுதல் வேண்டும். வெளிநாட்டார் முன்னரே இசைவுச் சீட்டுப் பெறவேண்டும். மலை என்றதும் தமிழர்க்குத் தினைப்புனமும் தேனும் அருவியும் நினைவுக்கு வரும். காரகோர மலைகளோ அத்தகையன அல்ல. மழை அரிதாகலின் மரமின்றி, புல்லின்றி வெறும் பாறையாய் ஓங்கி நிற்பவை. அப்பாறைகளின் நடுவே, பனி உருகி வரும் ஓடையொன்று சியோக்கில் கலக்கும் இடத்தில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், வாற்கோதுமை வயல்களும் ஆப்ரிகாட், அக்ரூட் மரங்களும் சூழத் துர்த்துக் அமைந்துள்ளது. கற்களை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டிய அறைகளில், பனிநீரின் குளிர்காற்று புகுந்து உலவ, வெண்ணெயையும் இறைச்சியையும் கோடையிலும் கெடாமற் காக்கும் முறை இவ்வூராரிடம் தொன்றுதொட்டு உண்டு.

வழியில் திஸ்கித் போன்ற ஊர்களில் பௌத்த மடங்களைக் காண்போர், மேற்கே செல்லச் செல்லப் பள்ளிவாசல்களைக் காண்பர். இங்கு வாழ்வோர் பால்டி இனத்தார். இவர்தம் சமயம் இஸ்லாம். நூர்பக்சியா என்னும் சூபி நெறியைப் பின்பற்றுவோர் இவர்களுட் பலர். இவர்தம் மொழியோ திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. மொழியாசிரியர்க்கு இன்பம் தரும் செய்தி ஒன்று இதில் உண்டு. மூன்று என்னும் எண்ணுப்பெயரைத் திபெத்திய ஏடுகள் முதலில் ஒரு ககர மெய்யிட்டு எழுதும். லாசா நகரப் பேச்சில் அம்மெய் மறைந்து ‘சும்’ என்றே ஒலிக்கும். பால்டி மக்களின் நாவிலோ அப்பழைய மெய் ஒலி இன்றும் ஏறக்குறைய ‘க்சும்’ என ஒலித்து நிற்கிறது. தலைநகரம் இழந்த பழமையை மலைக்கோடி காத்து வருகிறது என்க. துர்த்துக்கின் ஒரு பகுதிக்கு யுல் என்றும், ஓடைக்கு அப்பாலுள்ள பகுதிக்குப் பரோல் என்றும் பெயர். திபெத்திய மொழியில் முன்னது ஊர் எனவும், பின்னது அக்கரை எனவும் பொருள்படும்.

இவ்வூரின் பழைய தொடர்பெல்லாம் ஆறு ஓடும் திசையிலேயே இருந்தது. சியோக் ஆறு துர்த்துக்கைக் கடந்து கப்லு நகரை அடுத்துச் சென்று சிந்து நதியிற் கலக்கிறது. கப்லுவை ஆண்ட யப்கோ மரபினருக்குத் துர்த்துக்கில் ஒரு மாளிகை உண்டு. 1840இல் தோக்ரா படைத்தலைவர் சோராவர் சிங் பால்டிஸ்தானை வென்றார். 1846இல் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானம் உருவானபோது இந்நிலப்பகுதியும் அதனுள் அடங்கியது.

1947இல் இந்தியத் துணைக்கண்டம் பிரிவுற்றது. காஷ்மீர் பற்றிய போர் மூண்டு, 1949 ஜனவரி முதல் நாள் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் கராச்சியில் வரையப்பெற்ற போர்நிறுத்தக் கோட்டின்படி துர்த்துக் பாகிஸ்தான் பக்கம் நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன. 1971 டிசம்பரில் மீண்டும் போர் மூண்டது. நூப்ராப் பள்ளத்தாக்கிற் பிறந்த மேஜர் செவாங் ரிஞ்சென் தலைமையில் வந்த இந்தியப் படை சலுங்கா, துர்த்துக், தியாக்சி, தாங் ஆகிய ஊர்களைக் கைப்பற்றியது. 1972 ஜூலையில் சிம்லாவில் கையெழுத்தான உடன்படிக்கை, போர் நின்றபோது படைகள் நின்ற நிலையையே கட்டுப்பாட்டுக் கோடாக ஏற்றது. இவ்வூர்கள் இந்தியாவிடமே இருந்தன.

படைகளுக்கு இது சில நாட் செயல். குடும்பங்களுக்கோ தலைமுறைத் துயரம். பிழைப்பை நாடியும் கல்வியை நாடியும் ஸ்கர்து, கராச்சி முதலிய நகரங்களுக்குச் சென்றிருந்தோர் ஊர் திரும்ப வழியின்றி நின்றனர். மனைவி இங்கும் கணவன் அங்கும், பெற்றோர் இங்கும் மைந்தர் அங்குமாகப் பிரிந்தனர். கோட்டையொட்டிய தாங் ஊரிலிருந்து நோக்கின், பாகிஸ்தான் பக்கத்துப் பரானு என்னும் ஊர் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் அங்குள்ள உறவினரைக் காண விரும்பும் ஒருவர் தெற்கே பஞ்சாப் வரை இறங்கி, அட்டாரி வாயிலைக் கடந்து, லாகூர் வழியாக மீண்டும் வடக்கே மலையேற வேண்டியிருந்தது. கண்ணெட்டும் தொலைவிலுள்ள ஊருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுற்றுவழி! இரு அரசுகளின் இசைவும் கிடைத்தாலன்றி அதுவும் இயலாது. 2025 ஏப்ரலில் அவ்வாயிலும் அடைக்கப்பட்டது.

கோடு வரைந்தோர் அதனை முடிவுவரை வரைந்தாருமல்லர். துர்த்துக்கிற்கு வடக்கே, என்.ஜே. 9842 என்று படத்திற் குறிக்கப்பட்ட புள்ளியோடு நிறுத்தி, அதற்கப்பால் பனியாறுகளை நோக்கி வடக்கே செல்லும் என்று மட்டும் எழுதிவிட்டனர். மனிதர் வாழாத இடத்திற்குக் கோடு எதற்கு என்று எண்ணினர் போலும். அவ்விடைவெளியே 1984இல் சியாச்சின் பனியாற்றுப் பூசலுக்கு இடமாயிற்று. 1999இன் கார்கில் போரிலும் துர்த்துக்கை அடுத்த மலைமுகடுகளில் குருதி சிந்தப்பட்டது.

2010இல் துர்த்துக் வெளியார் வந்து காணத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் விருந்தினர் இல்லங்கள் தோன்றின; ஆப்ரிகாட் உலர்கனி பயணிகளிடம் விலையாகிறது; வருவாயும் பெருகியுள்ளது. 2019இல் லடாக் தனி ஒன்றியப் பகுதியாயிற்று. ஆகவே, 1947க்கு முன் பிறந்த இவ்வூர் முதியவர் ஒருவர் சமஸ்தான மன்னரின் குடியாகப் பிறந்து, பாகிஸ்தான் ஆட்சியில் வளர்ந்து, 1971க்குப்பின் இந்தியக் குடிமகனாகி, 2019இல் மாநிலமும் மாறக் கண்டவர். இத்தனைக்கும் அவர் தம் வீட்டை விட்டு வேறிடம் குடிபெயர்ந்தாரல்லர்.

குடியேற்றத்தின் வரலாற்றை நாம் அறிவோம். மக்கள் எல்லை கடந்து செல்வது அது. துர்த்துக்கிலோ எல்லை மக்களைக் கடந்து சென்றது. இவ்வேறுபாட்டை மாணவர் உணர்தல் நன்று. வகுப்பறைச் சுவரில் தொங்கும் நிலப்படத்தில் இவ்வூர் எழுதப்படாதிருக்கலாம். ஆயினும் அதன்மேற் செல்லும் கோட்டைக் காட்டும் ஆசிரியர், அக்கோட்டின் இருபுறத்தும் ஒரே மொழியில் எண்ணப் பழகும் குழந்தைகள் உள்ளனர் என்பதையும் உடன் கூறுவாராக.