நிரற்பணியும் நூற்பணியும்

கணிநிரல் வல்லார் சின்னாள் ஓரிடத்துக் கூடித் திறந்த மூலநிரலைத் திருத்தி வளர்க்கும் பணி ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும். 2003-இல் வாசிங்டனில் நிகழ்ந்த முதற் பைக்கான் மாநாட்டிலேயே இஃது இடம்பெற்றது. தமிழில் இதற்கு இனமாக யாம் கருதுவது, 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமாகும். பல நாட்டுத் தமிழர் ஓரிடத்துக் கூடாமலே, ஊதியமின்றித் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் நூல்களை இணையத்தில் ஏற்றினர். காரைக்காலம்மையார் பாடல்கள் அடங்கிய பதினொராந் திருமுறையும் அவ்வாறு வந்ததே.

எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. நிரற்பிழையைக் கணினியே பல்கால் காட்டிவிடும். பாடற்பிழையைக் கற்றார் கண்ணன்றிப் பிறிது காட்டாது. ஒரு படியிற் புகுந்த பிழை அதனைப் பார்த்தெடுத்த படிகளினும் பரவும். ஆதலின், மின்பதிப்பினின்று மேற்கோள் காட்டுவார் அச்சுப் பதிப்போடு ஒப்புநோக்கித் திருத்தம் அனுப்புதல் கடனாம். காரைக்கால் மாணாக்கர் அம்மையார் பாடல்களினின்று அதனைத் தொடங்குதல் சாலும் என்பது எம் துணிபு.