லகுகல காட்டு வழியும் நம் பொதிமாட்டுக்காரரும்



லகுகல பார்த்து வந்த பிள்ளை ஒன்று வகுப்பில் கேட்டது: "சேர், அங்க எறங்கி நடக்கிறதுக்கு ஒரு வழியும் இல்லையா?"

இன்று இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பக்கக் காடுகளை நடந்தே கடந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். முஸ்லிம்கள் என்றால் கடற்கரைக்காரர், காட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நாமே நினைத்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

கண்டி இராச்சிய காலத்தில் மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் கரையிலிருந்துதான் போக வேண்டும். கொண்டுபோனது தவளம், அதாவது பொதிமாட்டுக் கூட்டம். திரும்பும்போது பாக்கு வரும். இந்தத் தொழிலில் முஸ்லிம்கள் நிறையப் பேர். அரசன் இதற்கென்று 'மடிகே' என்றொரு பிரிவே வைத்திருந்தான். 1766 உடன்படிக்கையில் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபின், மலைநாட்டானுக்கு உப்பின் அருமை இன்னும் கூடியது.

இந்த வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. 1817 இல் ஆங்கிலேயர் ஹாஜி மரிக்கார் என்பவரை வெல்லஸ்ஸயில் மடிகே முகாந்திரம் ஆக்கினார்கள். அங்கிருந்த தலைவரின் அதிகாரம் அதனால் குறைந்தது. ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு பொறி. கிளர்ச்சிக்காரர் ஹாஜியைப் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் அம்புக்குப் பலியானார். பிறகு ஆங்கிலேயர் வெல்லஸ்ஸயின் வயலையும் வீட்டையும் எரித்தார்கள். பிரித்து வைத்தவன் தப்பினான், நடுவில் நின்றவன் மாட்டினான் என்பது என் அபிப்பிராயம். வெல்லஸ்ஸப் பக்கம் பக்கினிகஹவெல போன்ற முஸ்லிம் ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

பொதிமாடு போய் வண்டி வந்தது, பிறகு பஸ். கல்முனையில் நம் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஏ4 வீதிதான் பொத்துவிலில் மேற்கே திரும்பி, லகுகல காட்டை ஊடறுத்து மொனராகலைக்கு ஏறுகிறது.

லகுகல–கித்துலான 1966 இல் சரணாலயமாகி, 1980 இல் தேசிய பூங்காவானது. வெறும் 1,554 ஹெக்டேயர். நாட்டின் மிகச் சிறிய தேசிய பூங்காக்களில் ஒன்று. ஆனாலும் கல்லோயாவுக்கும் யாலவுக்கும் இடையே யானைகள் போய்வரும் வழியில் இருக்கிறது. மற்ற இடங்கள் காயும்போது, ஆவணி மாதமளவில், குளத்துப் புல்லுக்காக நூற்றுக்கும் மேல் கூடும். மழை வந்தால் கலைந்துவிடும்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு வரை நடக்க விடுகிறார்களே என்று அடுத்த கேள்வி வந்தது. அங்கே இப்போது யானை இல்லை, மகன். லகுகலயில் நடைபாதை இருக்கிறது, அது யானையுடையது. நாம்தான் அதன் குறுக்கே தார் போட்டிருக்கிறோம்.

இந்த ஆவணியில் குடும்பத்தோடு போகிறவர்கள் வீதியோரம் யானையைக் கண்டால் வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம். வாழைப்பழம் நீட்டவும் வேண்டாம். பழகிய யானை அடுத்த வாகனத்தை மறிக்கும்.