குடல் நுண்ணுயிரும் புற்றுநோயும்

கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் அச்சமே எழுகிறது. காலரா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றோடு நெடுங்காலம் போராடியவர்கள் நாம். ஆகவே அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும், நம் உடலுக்குள்ளேயே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து நமக்குத் தொண்டு செய்கின்றன. அவற்றுள் சில புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் துணை நிற்கக்கூடும் என்று அறிவியல் இன்று கூறுகிறது. இந்த எண்ணம் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மைசூர் விஜயநகரில் வாழும் தமிழரும் சரி, டில்லியிலும் மும்பையிலும் குடியேறிய தமிழரும் சரி, இட்லி மாவைக் கைவிட்டதில்லை. இரவில் அரைத்து வைத்த மாவு விடியற்காலையில் பொங்கி நிற்பது எதனால்? மைசூரில் 1950ஆம் ஆண்டு செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதனை ஆராய்ந்தது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனும், எச்.எஸ்.ஆர். தேசிகாச்சாரும், பிறரும் மாவு புளிக்கும்போது நிகழும் மாறுதல்களை 1960இல் வெளியிட்டனர். லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியாவே மாவைப் பொங்கச் செய்கிறது என்பதை 1965இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. அடுக்களையில் பாக்டீரியா நமக்கு ஏவலாள் என்பது தெளிவாயிற்று.

குடலில் அதன் நிலை என்ன? பாரிஸ் பாஸ்டர் நிலையத்து அறிஞரும், 1908இல் நோபல் பரிசு பெற்றவருமான மெச்னிகாப், தயிரிலுள்ள பாக்டீரியா மூப்பைத் தள்ளிப்போடும் என்று நம்பினார். தயிர்ப் பாக்டீரியா குடலில் நிலையாகத் தங்குவதில்லை என்பதைப் பின்வந்தோர் கண்டனர். ஆனால் குடல் நுண்ணுயிர்க்கும் உடல்நலத்திற்கும் தொடர்புண்டு என்ற அவரது எண்ணம் அழியவில்லை.

அந்த எண்ணத்திற்கு வலுவூட்டியோருள் நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாரும் உளர். ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகிய மூவரும், தென்னிந்தியரின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 வைட்டமினை உண்டாக்கவல்லவை என்று 1980இல் அறிவித்தனர். 2000ஆம் ஆண்டில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் துணைவரும் மற்றோர் உண்மையைக் காட்டினர். எளிதில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளை உப்பு-சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தால், காலரா நோயாளியின் வயிற்றுப்போக்கு குறைகிறது. செரிக்காத மாவு பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகிறது; அப்பொழுது உண்டாகும் அமிலங்கள் குடல் நீரை ஈர்த்துக்கொள்ள உதவுகின்றன. அவ்வமிலங்களுள் ஒன்றாகிய பியூட்டிரிக் அமிலமே பெருங்குடல் உட்சுவருக்கு முக்கிய உணவாகும்.

இனி, புற்றுநோய்க்கு வருவோம். 1891இல் நியூயார்க் நகர மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளுக்குக் கிருமிகளை ஊசி வழியே செலுத்தி, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட முயன்றார். கிருமி எப்பொழுதும் நண்பனாவதும் இல்லை. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1994இல் அறிவித்தது.

திருப்பம் 2015இல் நேர்ந்தது. எதிர்ப்புச் சக்தியின் தடையை நீக்கிப் புற்றைத் தாக்கச் செய்யும் புதிய மருந்துகள் அப்பொழுது புழக்கத்திற்கு வந்திருந்தன. குடல் பாக்டீரியா இல்லாத எலிகளில் அத்தகைய மருந்தொன்று பயன்தரவில்லை என்று பாரிஸ் ஆராய்ச்சியாளரும், பிபிடோ பாக்டீரியா கொடுத்த எலிகளில் புற்றின் வளர்ச்சி தணிந்தது என்று சிகாகோ ஆராய்ச்சியாளரும் கண்டனர். 2021இல் மனிதரிடம் சோதனை நடந்தது. மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் கண்டு, இம்மருந்துக்கு இணங்காதிருந்தோருக்கு, அதனால் குணமடைந்தவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள் குடலில் சேர்க்கப்பட்டு, மருந்தும் மீண்டும் தரப்பட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 15 பேரில் 6 பேரும், இஸ்ரேலில் 10 பேரில் 3 பேரும் பயனடைந்தனர். எண்ணிக்கை சிறிது, ஆயினும் முன்பு கைவிட்ட மருந்து சிலருக்குக் கைகொடுத்தது என்பது பெரிது.

இச்செய்தியைக் கேட்டு நாம் அவசரப்படலாகாது. குடல் பாக்டீரியா மருந்துக்குத் துணையேயன்றி மருந்துக்கு மாற்றன்று. "நல்ல பாக்டீரியா" என்று விற்கப்படும் மாத்திரைகளை நம்பிச் சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கே கேடாகும். 2021இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சியில், மெலனோமா நோயாளிகளுள் நார்ச்சத்தை மிகுதியாக உண்டோரின் நிலை நன்றாயிருந்தது; கடையில் வாங்கிய பாக்டீரியா மாத்திரைகளால் நன்மை புலப்படவில்லை. இட்லியை ஆவியில் வேகவைத்தவுடன் மாவிலிருந்த பாக்டீரியாவும் மடிந்துவிடுகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். புதியவற்றை விழுங்குவதைவிட, உள்ளே இருப்பவற்றைப் பேணுவதே எளிய வழியாகத் தோன்றுகிறது.

அதற்கு வேண்டியவை நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மைசூர்ச் சீமையின் கேழ்வரகுக் களியும் அவரையும், நம் ஊர்ப் பருப்பும் கீரையும் நார்ச்சத்து நிறைந்தவை. மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை உண்பதையும் தவிர்ப்போம். அவை பகைவரோடு நண்பரையும் அழிக்கின்றன. வீட்டில் புற்றுநோயாளி இருப்பின், உணவில் எந்த மாறுதலையும் மருத்துவரைக் கேட்டே செய்வோம். சென்ற இடத்து உணவின் நலத்தையும், கொண்டுவந்த உணவின் நலத்தையும் ஒருங்கே பெறும் வாய்ப்பு, ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு உண்டு. அதனைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடமையாகும்.