ஆறு சென்டிமீட்டர் பாதரசம்

பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று பரணில் கிடந்தால் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 100ஐ 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் 0.435 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை 529 ஓம். இப்போது அதே பல்பின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 40 ஓமை ஒட்டித்தான் காட்டும். கணக்கிலும் பிழையில்லை, மீட்டரிலும் பிழையில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அதன் தடை பன்னிரண்டு பதின்மூன்று மடங்காகிவிடுகிறது.

சூட்டுக்குச் சூடு மாறும் ஒன்றை அளக்க, மாறாத அளவுகோல் எங்கே கிடைக்கும்? அதைத் தேடி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அலைந்திருக்கிறார்கள்.

பூட்டுத் தொழிலாளியின் மகனான கியார்க் சைமன் ஓம், கொலோனில் பள்ளி ஆசிரியர். கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க முதலில் அவர் நம்பிய வோல்டா மின்கலம் ஓட ஓடச் சோர்ந்துபோனது. பிறகு பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். மின்னழுத்தம் நிலைத்து நின்றது. 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, தொங்கும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டார். 1826இல் வெளிவந்த அந்த முடிவுகளில் ஓம் என்ற அலகு இல்லை. தன் கம்பியின் அங்குலங்களில்தான் அவர் தடையைச் சொன்னார். அவருடைய கம்பி இல்லாதவர்களுக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த இயற்பியலாளர் யாகோபி 1848இல் இதற்கு ஒரு வழி கண்டார். குறிப்பிட்ட செம்புக் கம்பி ஒன்றை அளவாக வைத்து, அதன் நகல்களைச் சக விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். ஆனால் செம்பில் துளி கலப்பு இருந்தாலும் தடை மாறிவிடும். அதற்குள் தந்திக் கம்பி கடலுக்கடியில் இறங்கிவிட்டது. 1858இல் அட்லாண்டிக்கில் போட்ட கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது. நடுக்கடலில் பழுது எங்கே என்பதைக் கரையில் உட்கார்ந்தபடி தடையை அளந்துதான் சொல்ல முடியும். அளவில் நூற்றுக்கு ஒன்று பிசகினால், கப்பல் பல மைல் தள்ளிப்போய்த் தேடும்.

1860இல் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ் பாதரசத்தை அளவுகோலாகக் கொண்டுவந்தார். ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு, பூஜ்ய டிகிரி. திரவம் என்பதால் கம்பிபோல வளைந்து, முறுகிக் கெடாது, சுத்தப்படுத்துவதும் எளிது. எந்த ஊரிலும் ஒரு கண்ணாடிக் குழாயில் மறுபடி செய்துகொள்ளலாம். என் மனத்துக்கு மிகப் பிடித்த தீர்வு இதுதான்.

ஆனால் தடைக்கு அலகு வகுக்க பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் அமைத்த குழு ஒப்பவில்லை. அந்த ஒரு மீட்டர், மனிதர் தாமாகத் தேர்ந்தது. அதை அலகாகக் கொண்டால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வரும் எண், நீராவி இயந்திரக்காரர் அளக்கும் வேலையோடு நேராகப் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் ஒரு திருத்த எண்ணால் பெருக்க வேண்டும். அதனால் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1863இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லும் நண்பர்களும் ஒரு கம்பிச் சுருளைப் பூமியின் காந்தப் புலத்தில் சுழற்றினார்கள். சுழலும் சுருளில் தானே மின்னோட்டம் எழும். நடுவிலுள்ள ஊசி திரும்பும். சுருளின் அளவும் சுழலும் வேகமும் தெரிந்தால், வேறு எந்தத் தடையோடும் ஒப்பிடாமல் அதன் தடை கிடைத்துவிடும்.

அருமையான அளவீடு, ஆனால் 1.3 சதவீதம் பிசகியிருந்தது. 1880களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ரேலி பிரபுவும் அவருடைய மைத்துனி எலினார் சிட்ஜ்விக்கும் பொறுமையாக அளந்து திருத்தினார்கள். எலினாரின் பெயர் நம் பாடநூல்களில் வராதது எனக்கு உண்மையாகவே வருத்தம். பாதரசக் குழாயும் கைவிடப்படவில்லை. நீளம் மட்டும் கூடியது. 1884இல் பாரிசில் 106 சென்டிமீட்டர், 1893இல் சிகாகோவில் 106.3. அந்த ஆறு சென்டிமீட்டரால்தான் இன்று 230ஐ 0.435ஆல் பெருக்கினால் திருத்தம் ஏதுமின்றி 100 வாட் வருகிறது. வாட் என்ற பெயரை 1882இல் முன்மொழிந்தவர் வெர்னரின் தம்பி வில்லியம் சீமென்ஸ்.

1980 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிளில், கடுங்குளிரிலும் வலிய காந்தப் புலத்திலும் வைத்த சிலிக்கான் டிரான்சிஸ்டரை கிளாஸ் ஃபான் கிளிட்சிங் அளந்துகொண்டிருந்தார். தடை வழுவழுப்பாக மாறாமல் படிக்கட்டுபோல நின்று நின்று மாறியது. அந்தப் படிகளெல்லாம் 25,812.8 ஓமை முழு எண்களால் வகுத்தவை. சில்லின் வடிவமோ பொருளின் தூய்மையோ அதை அசைக்கவில்லை; தேடிய மாறாத அளவுகோல் கிடைத்துவிட்டது. 1990 முதல் உலகின் ஆய்வகங்கள் ஓமை இதிலிருந்தே எடுக்கின்றன. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் நிலையான எண்களாக வரையறுக்கப்பட்டதால், அந்தப் படியின் மதிப்பும் நிலைபெற்றது.

வெர்னர் சீமென்ஸின் பெயர் 1971இல் அனைத்துலக அலகுகளில் சேர்ந்தது. தடைக்கு அல்ல, அதன் தலைகீழுக்கு: ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு தாராளமாக ஓடவிடுகிறது என்பதற்கு. எரியும் குண்டு பல்புக்கு அது 0.0019 சீமென்ஸ். அவருடைய பழைய கணக்கில் சொன்னால், அந்தப் பல்பின் தடை 562 மீட்டர் நீளமுள்ள பாதரச இழை.