கல்லடுப்பு

கல்லடுப்பு என்பது வீட்டின் கொல்லையிலோ முற்றத்திலோ, ஆழங்குறைந்த குழியைச் சுற்றிக் கற்களை நிறுத்தி, விறகிட்டு எரிப்பதற்காக அமைக்கப்படும் திறந்தவெளி அடுப்பு ஆகும். மூன்று கற்கள் கொண்ட வடிவமே மிக எளியது. தமிழகத்தில் நெல் அவித்தல், வெந்நீர் காய்ச்சுதல், தைப்பொங்கலன்று பொங்கலிடுதல் ஆகியவற்றுக்கு இது பயன்பட்டு வந்துள்ளது. விருந்துச் சமையலுக்காக நீண்ட பள்ளம் தோண்டி, பல பாத்திரங்களை வரிசையாக ஏற்றும் வகை கோட்டையடுப்பு எனப்படும். மேலை நாட்டு வீட்டுத் தோட்டங்களில் குளிர்காய்வதற்காகக் கட்டப்படும் வட்டமான தீக்குழியும் இதற்கு நெருங்கியதே.

கல் தெரிவு

கட்டடத்துக்கு உறுதியான கல் தீக்கும் உறுதியானது என்று கருதுவது தவறு. எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியின் சார்னோக்கைட்டுப் பாறையைக் கூறலாம். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893 இல் இப்பாறைக்கு அப்பெயரை இட்டார். நூற்றாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நிற்கக்கூடிய இப்பாறையில், கருங்கல்லைப் போலவே குவார்ட்சு என்னும் கனிமம் உண்டு. குவார்ட்சு ஏறத்தாழ 573 பாகை செல்சியசில் தன் படிக அமைப்பு மாறித் திடீரென விரிவடையும். தணலை ஒட்டியுள்ள கல்லின் முகப்பு இவ்வெப்பத்தை எட்டக்கூடும். அதனால் கல்லில் வெடிப்பு ஏற்பட்டுச் சில்லுகள் பெயர்கின்றன.

இதனினும் ஆபத்தானது ஈரக்கல். ஆற்றிலும் ஏரியிலும் கிடந்த கற்களின் நுண்துளைகளில் நீர் தங்கியிருக்கும். வெளியேற வழியின்றி அது நீராவியாகும்போது கல் வெடித்துத் துண்டுகள் தெறிக்கலாம்; அடுப்பைச் சுற்றி அமர்ந்திருப்போரின் கண்ணுக்கே அது கேடு. பல மாதங்கள் உலர்ந்த கற்களையே எடுத்து, முதலில் சிறு தீயிட்டுப் பழக்க வேண்டும். சூளையில் ஏற்கெனவே வெந்துவிட்ட செங்கல், தீ படும் உட்புறத்துக்குக் கல்லைவிட ஏற்றது. அழகுக்காகக் கல் வேண்டுமெனில் வெளிவட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அமைக்கும் முறை

இடத்தைத் தெரிவு செய்வதே முதல் வேலை. கீற்றுக்கூரை, வைக்கோற்போர், தாழ்ந்த கிளை, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து விலகி, குறைந்தது 10 அடி இடைவெளி இருத்தல் நன்று. கூரை வீடாயின் இன்னும் தொலைவு வேண்டும். புல்லையும் வேரையும் நீக்கி, அரை அடி ஆழம் தோண்டி, அடியில் மணலோ சரளையோ பரப்புவர். கற்களைச் சம உயரத்தில், ஆடாதவாறு பாதி புதைத்து நிறுத்துவர். காற்று வரும் பக்கத்தில் ஓர் இடைவெளி விடாவிட்டால் தீ புகையத்தான் செய்யும். வடகிழக்குப் பருவமழையில் குழி நீர் நிறைந்துவிடுமாதலால், சுற்றிலும் மண்ணை அணைத்து மேடாக்குவதும் உண்டு.

விறகும் படப்பைப் பகுதியும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அமைந்த ஊர் படப்பை. பழந்தமிழில் படப்பை என்பது வீட்டை அடுத்த தோட்டத்தையும் குறிக்கும். கொல்லை அடுப்புக்குப் பொருத்தமான பெயர்தான். அருகிலுள்ள ஒரகடத்தில் 2010 இல் ரெனோ-நிசான் மகிழுந்துத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. திருப்பெரும்புதூர் வரை பல ஆலைகள் உள்ளன. இத்தகைய ஆலைகளுக்கு உதிரிப்பாகங்கள் வந்திறங்கும் மரச் சட்டங்களும் பெட்டிகளும் பழையனவாகிவிட்டால் விறகாகவும் எரிக்கப்படுவதுண்டு. பன்னாட்டுச் சரக்குக்கான மரச்சட்டங்களில் பூச்சி ஒழிப்பு முறையைக் காட்டும் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் வெப்பமூட்டப்பட்டது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வளிமம் ஊட்டப்பட்டது. பின்னதையும், வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை ஆகியவற்றையும் எரித்தல் ஆகாது. எச்.டி. முத்திரை இருந்தாலும், எண்ணெயோ வேதிப்பொருளோ சிந்திய மரத்தைத் தவிர்க்க வேண்டும்.

புகையும் தணலும்

மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் சிறு பங்கே பாத்திரத்தைச் சேரும். புகையோ முழுவதும் சமைப்பவரையே சேரும். 2016 இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கியதற்கு இப்புகையே முதன்மைக் காரணம். கல்லடுப்பைச் சமையலறைக்குள் அமைக்காமல் வெளியிலேயே வைத்தல் வேண்டும்.

சாம்பலுக்கு அடியில் தணல் மறுநாள் வரை உயிரோடிருக்கும். காலையில் வெறுங்காலுடன் வந்து மிதிக்கும் குழந்தைகள் சுட்டுக்கொள்வது இதனால்தான். நீரைச் சாம்பலின் மேல் தெளித்து, கிளறி, மீண்டும் தெளிக்க வேண்டும். சூடான கல்லின் மேல் நேரே ஊற்றினால் கல் பிளந்துவிடும். எஞ்சிய தணலைச் சட்டியில் அள்ளி மூடிய அறையில் குளிர்காய வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.