உண்ணாத பிள்ளைக்கு உண்டவன் பெயர்

‘ஒபிசோஜன்’ பிறந்த ஆண்டு 2006. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஃபெலிக்ஸ் குருன், புரூஸ் பிளம்பெர்க் இருவரும் வைத்த பெயர் அது. உடலில் கொழுப்பு சேரத் தூண்டும் வேதிப்பொருளைக் குறிக்கிறது. முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். இரண்டு பாதியிலும் வில்லங்கம் உண்டு.

லத்தீனில் ‘எதேரே’ என்றால் தின்பது. அதன்முன் ‘ஒப்’ சேர்ந்தால் அரித்துத் தின்பது. அதிலிருந்து வந்த ‘ஒபேசுஸ்’ முறைப்படி பார்த்தால் ‘தின்னப்பட்டவன்’, அதாவது எலும்பும் தோலுமாக இளைத்தவன். பழங்கவிஞர் லேவியுஸ் அந்தப் பொருளில்தான் அதை ஆண்டிருக்கிறார், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஆவுலுஸ் கெல்லியுஸ் இதை ஒரு விந்தையாகக் குறித்துவைத்தார். ஏனென்றால் அதற்குள் ஊர்வழக்கில் செயப்பாட்டுவினை செய்வினையாகப் புரண்டுவிட்டது. தின்னப்பட்டவன் போய், தின்று கொழுத்தவன் வந்துவிட்டான். பழி வாயின்மேல் விழுந்தது.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. ‘கொழுப்பெடுத்தவன்’ என்று திட்டும்போது உடம்பையா சொல்கிறோம், திமிரையா? ‘பருமன்’ மட்டும் கண்ணியமான சொல். பருத்திருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. யார் எவ்வளவு தின்றார் என்று விசாரிப்பதில்லை.

பின்பாதியான ‘ஜென்’ பிறப்பிப்பதைக் குறிக்கும். இது அவசரக்காரச் சொல். ஒரு வாயுவே எல்லா அமிலங்களையும் பிறப்பிக்கிறது என்று நம்பி வேதியியலர் லவாய்சியே அதற்கு ‘ஆக்சிஜன்’ என்று பெயரிட்டார். உப்பமிலத்தில் அது துளியும் இல்லை என்று பின்னர் தெரிந்தது. பெயர் நிலைத்துவிட்டது, கொள்கை போய்விட்டது.

ஒபிசோஜனுக்கும் அந்தக் கதி வருமா? குருனும் பிளம்பெர்க்கும் ஆராய்ந்த பொருள் டிரைபியூட்டைல்டின். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசிய வண்ணப்பூச்சில் இருந்த வெள்ளீயச் சேர்மம் அது. எந்த உயிரணு கொழுப்பணுவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பிகளில் போய்ப் பொருந்துகிறது. பூட்டுக்குக் கள்ளச்சாவி மாதிரி. சினை எலிக்குக் கொடுத்தபோது குட்டிகளின் உடலில் கொழுப்பு கூடியது. குட்டி அதுவரை வாய்திறந்து எதையும் தின்றிருக்கவில்லை.

மனிதரிடம் இவ்வளவு துலக்கமில்லை. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களில் 1999, 2000 ஆண்டுகளில் கருவுற்றிருந்த பெண்களின் இரத்தத்தில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அளந்து, பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 12 வயதில், தாயிடம் டிடிடி மிகுந்திருந்த ஆண்பிள்ளைகளின் எடை கூடுதலாக இருந்தது. பெண்பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு. வறுமை, சாப்பாடு, தாயின் எடை எல்லாம் இடையில் புகுந்து குழப்பும்.

புகையிலைக்குச் சான்று இன்னும் வலுவானது. கர்ப்பத்தில் புகைபிடித்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக எடை குறைந்து பிறக்கிறார்கள். வளரும்போது பருமனாகும் வாய்ப்போ மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல். பிறக்கையில் லேவியுஸின் ஒபேசுஸ், பள்ளிக்கூடம் போகையில் கெல்லியுஸ் காலத்து ஒபேசுஸ்! ஒரே சொல்லின் இரு பொருளும் ஒரே பிள்ளையின் உடம்பில்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது? ‘பருமனாக்கி’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘ஆக்கி’ என்றதும் ‘ஜென்’னின் அதே அவசரம் வந்துவிடுகிறது, பொருளே தனியாக நின்று பிள்ளையைப் பருக்கவைத்தது போல. வினையூக்கி என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. வினை நடக்கிற இடத்தில் அதை விரைவுபடுத்துவது. அந்த வழியில் ‘பருமனூக்கி’ எனலாம். உந்துகிறது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு உந்துகிறது என்பதைச் சலினாஸ் போன்ற இடங்களில் எடைபார்ப்பவர்களிடம் விட்டுவிடும்.