அருஞ்சொல்லுக்குப் பொருள், நாவுக்குக் காவல்

ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி 1604-இல் லண்டனில் அச்சானது. தொகுத்தவர் ராபர்ட் காட்ரி. பள்ளி ஆசிரியர், திருச்சபை விதிகளுக்கு முழுதாக இணங்க மறுத்ததால் போதகர் பதவியை இழந்தவர். அவர் தொகுத்த சுமார் 2,500 சொற்களும் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த அருஞ்சொற்கள். சீமாட்டிகளுக்கும் தேர்ச்சியில்லாத பிறருக்கும் இந்நூல் என்று முகப்பிலேயே போட்டிருந்தார். வேதாகமத்திலும் பிரசங்கத்திலும் காதில் விழும் சொற்கள் அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதே நோக்கம். அக்காலத்து கிராமர் பள்ளிகள் சிறுவர்களுக்கானவை. அங்கே முதன்மைப் பாடம் லத்தீன். லத்தீன் படித்தவர் எழுதிய ஆங்கிலம், அதைப் படிக்காத பெண்ணுக்குத் தாய்மொழியாக இருந்தும் பாதி அயல்மொழியாகவே இருந்தது.

காட்ரிக்கு முன்னோடி எட்மண்ட் கூட். 1596-இல் அவர் வெளியிட்ட பள்ளி நூலில் இருந்த சொற்பட்டியலின் பெரும்பகுதியைக் காட்ரி எடுத்துக்கொண்டார். தையற்காரர், நெசவாளர், கடைக்காரர் எனத் தொழிலோடு தொழிலாகப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தவர்களை நோக்கியே கூட் எழுதினார்; கைவேலை நிற்காமலே பிள்ளை படிப்பதைக் கேட்டுத் திருத்தலாம் என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னார். தறியடியிலும் பாடம் நடக்கும் என்று நம்பியவரின் பட்டியலிலிருந்து ஆங்கில அகராதி வளர்ந்தது என்பது, அம்மொழியின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி. பொருள் சொல்ல வந்த நூல், வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே அழைத்தது. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழித்து உச்சரிப்பும் சொல்ல வந்த நூல், அதே நல்லெண்ணத்தோடு தொடங்கி, அவர்களை அடையாளம் கண்டு ஒதுக்கும் அளவுகோலாக மாறிப்போனது.

அருஞ்சொல் அகராதிகளே பகட்டை வளர்த்தவை என்று மறுப்பவர்கள் உண்டு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1623-இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதியின் ஒரு பகுதி, எளிய சொல்லை முதலில் வைத்து அதற்கு ஈடான ஆடம்பரச் சொல்லைத் தந்தது. ஆனால் பகட்டு அகராதியால் பிறந்ததல்ல. லத்தீன் சொற்களை வாரியிறைத்தவர்களை தாமஸ் வில்சன் கண்டித்தது 1553-இல். முதல் அகராதி வந்ததே அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. அந்தக் கண்டனத்தைக் காட்ரி தன் முன்னுரையிலேயே எடுத்தாண்டிருக்கிறார். கேட்டு விழித்தவருக்குப் பொருள் தெரிந்துவிட்டால் பகட்டுச் சொல்லின் அதிகாரம் பாதி போய்விடும். மேலும், பொருள் காகிதத்தின் வழியே சேதமில்லாமல் போய்ச்சேரும். நெசவாளர் மகள் கற்றாலும் பிரபுவின் மகன் கற்றாலும் அது ஒன்றே. அதை வைத்து அவர் எங்கே, யாரிடம் கற்றார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

உச்சரிப்பு அப்படிப்பட்டதல்ல. 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட பேரகராதியில் 40,000-க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. ஆயினும் உச்சரிப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அசையழுத்தம் எங்கே விழுகிறது என்று காட்டுவதோடு நின்றுகொண்டது. உச்சரிப்பை வரையறுப்பதிலுள்ள சிக்கலைப் பின்னாளில் அவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதவிருந்த பாஸ்வெல்லிடம் விளக்கினார். ‘கிரேட்’ என்ற சொல் ‘ஸ்டேட்’ என்பதோடு இயைந்து ஒலிக்க வேண்டும் என்றார் செஸ்டர்ஃபீல்ட் பிரபு. ‘சீட்’ என்பதோடுதான் இயைய வேண்டும், வேறுவிதமாகச் சொல்பவர் அயர்லாந்துக்காரராகத்தான் இருப்பார் என்றார் வில்லியம் யங். முன்னவர் பிரபுக்கள் சபையின் சிறந்த பேச்சாளர், பின்னவர் மக்களவையின் சிறந்த பேச்சாளர். இருவரில் யாரை நம்புவது? நியாயமான கேள்வி. ஆனால் அதே உரையாடலில், அயர்லாந்துக்காரரான தாமஸ் ஷெரிடனுக்கு ஆங்கில உச்சரிப்பை வரையறுக்க என்ன தகுதி என்றும் ஜான்சன் கேட்டார். பிறந்த மண் அப்போதே வாதத்துக்குள் வந்துவிட்டது.

1773-இல் வில்லியம் கென்ரிக் அசைகளின் மேல் எண்களை இட்டு ஒலியைக் காட்டினார். 1780-இல் ஷெரிடனின் அகராதியும் 1791-இல் ஜான் வாக்கருடையதும் வந்தன. இருவருமே நடிகர்களாக இருந்து பேச்சுக்கலை ஆசிரியர்களானவர்கள். வாக்கரின் நூல் அடுத்த நூற்றாண்டிலும் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, லண்டன் மக்கள் திருத்திக்கொள்ள வேண்டியவற்றை அவர் முன்பகுதியில் தனித்தனியே எழுதினார். லண்டன் எளிய மக்களின் பேச்சில் பிழை மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் நல்ல ரசனை உள்ளவருக்கு அதுவே பல மடங்கு அருவருப்பானது என்றார். ஒலியை மட்டும் அளந்திருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. பேசுபவர் யார் என்பதையும் சேர்த்தே அளந்திருக்கிறார்.

ஷெரிடனின் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. எல்லோருக்கும் ஒரே உச்சரிப்பைக் கற்பித்தால் வட்டாரப் பேச்சினால் வரும் அவமானம் ஒழியும் என்று அவர் மனதார நம்பினார். 1761-இல் எடின்பரோவில் அவர் உரைகளைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது என்பதால் கற்பவருக்கு வழிகாட்டி தேவை என்பதும் சரியே. குறியீடு இடுவதை நான் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பாரின் நாவை மட்டும் அளவாக வைத்து, மற்றதையெல்லாம் பிழை என்று பெயரிட்டதைத்தான் சொல்கிறேன். சொல்லின் முதலில் வரும் ஹகர ஒலியை விழுங்குவது வாக்கர் காட்டிய லண்டன் பிழைகளில் ஒன்று. விக்டோரியா காலத்தில் அதற்கென்றே சிறு நூல்கள் விற்றன. அவற்றைப் படித்துப் பயந்தவர் ஹகரம் வேண்டாத இடத்திலும் சேர்த்துச் சொன்னார். அந்த மிகையே அவரைக் காட்டிக்கொடுத்தது.

1917-இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, தன் அளவுகோல் எது என்பதை மறைக்கவில்லை: ஆண்கள் பெரிய உறைவிடப் பள்ளிகளில் படித்த தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சு. அதுதான் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லவும் அவர் விரும்பவில்லை. நேர்மையான அந்த எச்சரிக்கை முன்னுரையோடு நின்றுவிட்டது. ஒலிக்குறிகள் மட்டும் நம் நாடு உட்பட எங்கெங்கோ வகுப்பறைகளுக்குப் போய், சரியான ஆங்கிலம் இதுவே என்று பாடமாயின. 1990-இல் ஜே. சி. வெல்ஸ் தன் உச்சரிப்பு அகராதியில் அமெரிக்க ஒலியையும் சேர்த்தார். இருவிதமாக ஒலிக்கும் சொற்களுக்குக் கருத்துக்கணிப்பு நடத்தி, எதை எத்தனை விழுக்காட்டினர் விரும்புகிறார்கள் என்றும் அச்சிட்டார். மக்களைக் கேட்டு எழுதிய அந்தத் துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் அந்த முதல் பதிப்புக்காகக் கேட்கப்பட்டவர்கள் பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுபவர்கள் மட்டுமே. ஆங்கிலத்தைப் பிறகு கற்று, அதையே தொழில் மொழியாகக் கொண்டு வாழ்பவர்களை அது கேட்கவில்லை.